கசடும் கலப்பையும்: ஆறு மணி நேரக் கணக்கு

அமெரிக்கப் பண்ணைகளின் செயல்விளக்கச் சுற்றுகளில் உழவுக் கருவிகளும் நகரக் கழிவுநீர்க் கசடும் ஒரே வயலில் காட்டப்படுவது தற்செயல் அன்று. சுத்திகரிப்பு நிலையத்தில் தங்கும் கசட்டைக் காற்றுப் புகாத கலனில், ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இரண்டு வாரங்களுக்கு மேல் நொதிக்க வைத்து நீரை வடித்தால் மிஞ்சும் கருத்த, ஈரமான பொருளே 'பயோசாலிட்ஸ்'. சாண எரிவாயுக் கலனில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. எல்லாக் கசடும் ஒரே அளவுக்கு நொதித்துவிடுவதில்லை. போதிய அளவு மட்காத கசடு ஈக்களையும் எலிகளையும் ஈர்க்கும் என்பதால், அதை நிலத்தின் மேல் பரப்பினால் ஆறு மணி நேரத்துக்குள் உழுது மண்ணுக்குள் சேர்க்க வேண்டும் என்பது 1993இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த விதிகளில் ஒன்று.

விதி ஒருபுறமிருக்க, விவசாயிக்குச் சொந்தக் காரணமும் உண்டு. கசட்டிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாக இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். மண்ணுக்குள் சேர்ந்துவிட்டாலோ, எதிர்மின்னூட்டம் கொண்ட களித்துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, உண்மையில், காசு கொடுக்காமல் கிடைத்த உரம் காற்றோடு போவதன் அடையாளம்.

எந்தக் கருவியால் உழுவது என்பதில்தான் சிக்கல். சட்டிக் கலப்பை மண்ணைப் புரட்டிக் கசட்டை நன்றாக மூடும். ஆனால் மழையின் அடியைத் தாங்கும் பயிர்த்தாள்களையும் சேர்த்துப் புதைத்துவிடுவதால், சரிவான நிலத்தில் மண் அரிக்கும். உளிக்கலப்பை அடிமண்ணைப் பிளந்து தாள்களில் பெரும்பகுதியை மேலேயே விட்டுவைக்கும், கசட்டையும் அப்படியே. நீர்த்த கசடாக இருந்தால், கொழுமுனைக்குப் பின்னால் பொருத்திய குழாய் வழியாக நேரே மண்ணுக்குள் செலுத்திவிடலாம். மேட்டு நிலத்துக்கு என் தேர்வு இதுவே. ஆனால் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கும் டேங்கரின் எடை, ஈர மண்ணை இறுக்கிவிடும்.

கலப்பையால் தீராதது ஒன்று உண்டு. பிஃபாஸ் எனப்படும், உடல்நலத்துக்குக் கேடான ஃபுளோரின் வேதிப்பொருள்கள் நொதிகலனிலும் சிதைவதில்லை, மண்ணிலும் சிதைவதில்லை. உழவு அவற்றைக் கலந்து பரப்பவே செய்யும். மெய்ன் மாநிலம் 2022இல் பயோசாலிட்ஸை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது இதனால்தான்.