63.5 கிராம், ஆனால் எந்த இடத்தில்?

மெக்கானிக்கல் கீபோர்டுக்கு (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங் உள்ள வகை) மாற்று ஸ்பிரிங் வாங்கத் தேடினால் முதலில் எண்கள்தான் வந்து நிற்கும். 55, 60, 62, 63.5, 65, 68. ஒரு சின்ன ஜிப் பை, உள்ளே நூறு ஸ்பிரிங், மேலே "63.5 கிராம்" என்று ஓர் ஒட்டுச்சீட்டு. அது ஸ்பிரிங்கின் எடை இல்லை, அதை அமுக்கத் தேவைப்படும் விசை. சரி, எவ்வளவு தூரம் அமுக்க? அதை ஒட்டுச்சீட்டு பெரும்பாலும் சொல்வதில்லை.

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் 1980-களில் வந்தது. இன்று சந்தையில் கிடைக்கும் ஸ்விட்ச்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. கீழே ஒரு கூடு, மேலே ஒரு மூடி, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, தண்டுக்கு அடியில் ஸ்பிரிங், பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு. தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஏறக்குறைய 2 மி.மீ. இறங்கியதும் தகடுகள் ஒன்றையொன்று தொடும், கணினியில் எழுத்து விழும். மிச்சம் 2 மி.மீ. சும்மா போகிற தூரம். ஆனால் நம்மில் பலர் அடிவரை போய் இடித்துவிட்டுத்தான் விரலை எடுப்போம்.

ஆக ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு விசை இல்லை, குறைந்தது மூன்று இருக்கிறது: தண்டு அசையத் தொடங்கும்போது ஒன்று, எழுத்து விழும்போது ஒன்று, அடியைத் தொடும்போது ஒன்று. பையில் உள்ள எண் சில விற்பனையாளர்களுக்கு நடுப்புள்ளி, வேறு சிலருக்கு அடிப்புள்ளி. ஒரு கடையின் 62 இன்னொரு கடையின் 50-ஐப் போல விரலுக்குப் படுவதற்கு இதுவே போதும்.

இந்த மூன்று புள்ளிகளையும் ஒரே நேர்கோட்டில் கோர்ப்பது ஹூக் விதி. ராபர்ட் ஹூக் 1676-ல் இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டு, 1678-ல் விடையை வெளியிட்டார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. அமுங்குவதற்கும் அதே கணக்குத்தான். இதில் கவனிக்க வேண்டியது, ஸ்விட்சுக்குள் போகும் ஸ்பிரிங் ஏற்கெனவே கொஞ்சம் அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அதன் வெறும் நீளம் முடிவு செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீயைத் தொடாதபோது ஸ்பிரிங்குக்கு 11 மி.மீ. இடம், அடிவரை அமுக்கினால் 7 மி.மீ. இடம் என்று வைத்துக்கொள்வோம். 14 மி.மீ. நீளமுள்ள ஒரு ஸ்பிரிங், 20 மி.மீ. நீளமுள்ள இன்னொன்று. அடியில் இரண்டும் 62 கிராம். குட்டை ஸ்பிரிங் அடியில் 7 மி.மீ. அமுங்கியிருக்கும், அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 8.9 கிராம். தொடக்கத்தில் 3 மி.மீ. மட்டுமே அமுங்கியிருப்பதால் அங்கே 27 கிராம், நடுவில் 44. நெட்டை ஸ்பிரிங் அடியில் 13 மி.மீ. அமுங்கும், மில்லிமீட்டருக்கு 4.8 கிராம்தான். ஆனால் தொடக்கத்திலேயே 43 கிராம், நடுவில் 52. ஒரே எண் ஒட்டிய இரண்டு பைகள். ஒன்று தொட்டதும் இறங்கிப் போகப்போகக் கனக்கும், மற்றது முதலிலேயே முறைத்துக்கொண்டு அப்புறம் ஒரே சீராக இறங்கும். விரலை கீ மேல் ஓய்வாக வைத்துக்கொண்டே யோசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நெட்டைதான் நல்லது, தப்பு எழுத்து விழாது. வேகமாக, லேசாகத் தட்டுகிறவர்களுக்குக் குட்டை.

ஒரே பைக்குள்ளும் வித்தியாசம் இருக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி நூற்றுக்கு ஐந்து பங்கு தடித்தால் விறைப்பு இருபத்தொரு பங்குக்கு மேல் கூடிவிடும். சுருளின் விட்டம் கூடினால் அதன் மும்மடிக் கணக்கில் விறைப்பு குறையும். கம்பியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பிசகினால்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் நூறு ஸ்பிரிங்கில் நாலைந்தையாவது அளந்து பார்க்காமல் மாற்றக் கூடாது என்கிறேன்.

அளப்பதற்குப் பழைய வழி நாணயம். 2011 வரிசை 5 ரூபாய் சரியாக 6 கிராம், 1 ரூபாய் 3.79 கிராம். இவை இரண்டும் கலந்தால் எந்த எடையையும் ஓரளவு கட்டிவிடலாம். ஒரே எச்சரிக்கை: 2019-ல் வந்த புதிய 5 ரூபாய் 6.74 கிராம். பத்து நாணயம் அடுக்கினால் 60-க்கும் 67-க்கும் உள்ள வித்தியாசம் அது, ஸ்பிரிங் பையில் ஒரு படி தாண்டிவிடும். பழையது 23 மி.மீ. அகலம், புதியது 25. பக்கத்தில் வைத்தாலே தெரியும். ஸ்விட்சைத் தனியாகக் கழற்றி வைத்து, மேலே ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து ஒட்டி (அதன் எடையையும் சேர்த்துக்கொண்டு) நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். பொத்தென்று போடக் கூடாது. திடீரென விட்ட எடை, அமைதியாக உட்காரும் எடையைவிட இரண்டு மடங்கு ஆழம்வரை ஸ்பிரிங்கை அமுக்கக்கூடும்.

மலையில் புவியீர்ப்பு குறைவாயிற்றே, குன்னூரில் அளந்தது சென்னைக்குப் பொருந்துமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கேள்வி நியாயமானது. குன்னூரைவிட உயரமான ஊட்டியே கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர்தான். அந்த உயரத்துக்கு ஈர்ப்பு குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 60 கிராமில் அது ஒரு கிராமின் இருபதில் ஒரு பங்கை எட்டாது. நாணயத்தில் ஒட்டிய அழுக்கே அவ்வளவு இருக்கும்.

இதைவிட நல்ல வழி, நகை நிறுக்கும் பாக்கெட் தராசும் ஒரு மல்டிமீட்டரும். ஸ்விட்சைத் தராசின் மேல் நிறுத்தி, எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, மேலிருந்து அமுக்கினால் நாம் கொடுக்கும் விசையைத் தராசே சொல்லும். ஸ்விட்சின் இரண்டு கால்களிலும் மல்டிமீட்டர் கம்பிகளை மாட்டி, தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தால், தகடுகள் தொடும் கணத்தில் பீப் சத்தம் வரும். கம்பிகள் மெல்லியதாக, தொய்வாக இருக்க வேண்டும். விறைத்த கம்பி தராசையே இழுத்துப் பொய் சொல்ல வைக்கும். கையால் அமுக்கினால் நடுங்கும். அதற்குத் தராசின் மேல் பாலம் போல ஒரு மரச்சட்டம் கட்டி, அதில் ஒரு எம்3 (3 மி.மீ. விட்டத் திருகுக்கான) நட்டைப் பதித்து, திருகை இறக்குவது நல்லது. எம்3 திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. இறங்கும். எட்டுச் சுற்று, 4 மி.மீ., ஸ்விட்சின் முழுப் பயணம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் ஒரு தாளில் விசைக் கோடு முழுசாகக் கிடைத்துவிடும்.

இறங்கும்போது மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். தண்டு கூட்டின் சுவரில் உரசுகிறது. இறங்கும்போது உரசல் ஸ்பிரிங்கோடு சேர்ந்து நம்மை எதிர்க்கும், ஏறும்போது ஸ்பிரிங்கை எதிர்க்கும். ஒரே ஆழத்தில் இறக்கத்தில் 47, ஏற்றத்தில் 41 என்றால் ஸ்பிரிங் 44, உரசல் 3. பலர் "இந்த ஸ்பிரிங் கனமாக இருக்கிறது" என்று புகார் சொல்வது உண்மையில் அந்த 3-ஐ. ஸ்பிரிங்கை மாற்றுவதற்குப் பதில் தண்டுக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் முட்டு எதுவும் இல்லாமல் சீராக இறங்கும் லீனியர் ஸ்விட்சுக்கு. நடுவில் முட்டு உள்ள டாக்டைல் ஸ்விட்சில் நாணய முறை முட்டின் உச்சத்தைத்தான் காட்டும். அதைத் தாண்டியதும் விசை குறைவதால் தண்டு சட்டென விழுந்துவிடும். அதில் ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் முட்டு மங்கும், ரொம்ப லேசாக்கினால் முட்டில் மாட்டிக்கொண்டு திரும்பி ஏறத் தயங்கும்.

கிரீஸ் என்றதும் மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் புல் வெளுத்து உறைபனி விழும் காலையில் கீபோர்டு மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் மேல் பழி போட வேண்டாம். 20 டிகிரி குளிர்ந்தாலும் எஃகின் விறைப்பு நூற்றில் ஒரு பங்குகூட மாறாது. கெட்டியாவது கிரீஸ்தான். மரத்துப்போன விரலும் ஒரு காரணம். ஸ்பிரிங்குக்கு கிரீஸைவிட எண்ணெய் மேல்: ஜிப் பையில் ஸ்பிரிங்குகளைப் போட்டு நாலு சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும், 'ங்ங்' என்று அதிரும் சத்தமும் போய்விடும். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் வரை வரும் ஊர் இது. மிச்ச ஸ்பிரிங்குகளை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

எந்த எடையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உடலியல் ஒரு வரம்பு போடுகிறது. இரண்டு விசைகளுக்கு இடையே ஏழிலிருந்து பத்து சதவீதமாவது வித்தியாசம் இருந்தால்தான் நம் விரல் அதை நம்பகமாகப் பிரித்தறியும். ஜெர்மன் உடலியலாளர் வெபர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட விதியின் வழி வந்தது இது. அப்படிப் பார்த்தால் 62-க்கும் 63.5-க்கும் உள்ள இரண்டரை சதவீதம் விரலுக்கு எட்டாது. 55, 62, 68 என்று வாங்கினால்தான் சோதனைக்கு அர்த்தம். வெவ்வேறு ஸ்பிரிங்குகளைப் பக்கத்துப் பக்கத்து கீகளில் போட்டு, எது எங்கே என்று தெரியாமல் வேறொருவரை மாட்டச் சொல்லி, சில நாள் தட்டச்சு செய்து பாருங்கள். எண் தெரிந்தால் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும்.

எல்லா விரலுக்கும் ஒரே எடை வேண்டும் என்று யார் சொன்னது? ஊட்டியில் ஆட்சியர் அலுவலகம் பக்கம் மனு தட்டச்சு செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த கை. ஒவ்வொரு கீயையும் அடிவரை இடித்துத்தான் எடுப்பார். "தம்பி, திங்கக்கிழமை சாயங்காலம் ஆனா வலது சுண்டுவிரல் மட்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்றார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், மனுக்கள் குவியும். அவர் பயன்படுத்துவது தமிழ்99 என்ற கீ வரிசை. அதில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. வலது சுண்டுவிரலுக்கு மட்டும் ந, ய, ண, ச, ஞ, ழ. 'நியாயவிலை' என்று ஒருமுறை அடித்தால் அந்த விரல் மூன்று தடவை இறங்குகிறது. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட ஸ்பிரிங் ஆலோசனைகளில் இந்தச் சுமை எப்படி வரும்?

ஜப்பானின் டோப்ரே நிறுவனம் தன் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகள் சிலவற்றில் சுண்டுவிரல் கீகளுக்கு 30 கிராமும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 45 கிராமும் வைக்கிறது. அதே யோசனைதான். அக்காவின் கீபோர்டில் வலது சுண்டுவிரலின் ஆறு கீகளுக்கும் அடியில் 50 கிராம் வரும் நீள ஸ்பிரிங், மற்றவற்றுக்கு 62. நீளமானதாக எடுத்ததற்குக் காரணம், லேசான குட்டை ஸ்பிரிங்கின் தொடக்க விசை ரொம்பக் குறைந்து, ஓய்வாக வைத்த விரலுக்கே எழுத்து விழுந்துவிடும். ஸ்பேஸ்பார் மட்டும் 68: நீளமான கீகேப்பின் (கீயின் மேல்மூடி) எடையையும் பக்கவாட்டுத் தாங்கிக் கம்பியின் உரசலையும் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டியது அந்த ஒரே ஸ்பிரிங்.

மூடியைப் போட்டபின் எந்த ஸ்விட்சில் எது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் லேசான ஸ்பிரிங் போட்ட கூட்டின் அடியில் நகப்பாலீஷால் ஒரு புள்ளி வைத்துவிடுவது நல்லது.