கண்டிஷன் வேரியபிளுக்கு ஞாபக சக்தி கிடையாது

ஒரு சர்வர் ப்ரோக்ராம். யூசருங்க அனுப்புற போட்டோவை எல்லாம் ஒரு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ளயே தனியா ஓடுற ஒரு வேலையாள் மாதிரி) வாங்கி கியூல போடுது, இன்னும் ரெண்டு மூணு த்ரெட் அந்த கியூல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து சைஸ் குறைச்சு சேவ் பண்ணுது. கியூ காலியா இருந்தா எடுக்கிற த்ரெட் என்ன பண்ணும்? லூப்ல நின்னு "வந்துடுச்சா, வந்துடுச்சா"ன்னு பாத்துகிட்டே இருக்கலாம், ஆனா உருப்படியா ஒண்ணும் நடக்காமலே ஒரு சிபியு கோர் 100% ஓடும், லேப்டாப்னா ஃபேன் சத்தத்துலயே தெரிஞ்சிடும். சரி, நடுவுல ஒரு 10 மில்லிசெகண்ட் ஸ்லீப் போடலாம்னா, வந்த போட்டோ சில சமயம் அந்த 10 மில்லிசெகண்டும் சும்மா கிடக்கும், ராத்திரி ஒரு போட்டோவும் வராத நேரத்துலயும் த்ரெட் செகண்டுக்கு 100 தடவை எழுந்து பாத்துட்டு படுக்கும். ரெண்டுமே சரிப்படாது. "நான் தூங்குறேன், ஏதாவது வந்தா எழுப்பு"ன்னு சொல்ல ஒரு வழி வேணும், அதுதான் கண்டிஷன் வேரியபிள்.

ஆனா கியூல போட்டோ இருக்கா இல்லையாங்கிற தகவல் எதுவும் அதுக்குள்ள இருக்காது. அது வெறுமனே தூங்குற த்ரெட்டுங்களோட ஒரு வரிசை, அவ்ளோதான். வெயிட்னு கூப்பிட்டா அந்த வரிசைல போய் படுத்துக்கலாம், சிக்னல்னு கூப்பிட்டா படுத்திருக்கிறதுல ஒண்ணை எழுப்பும், பிராட்காஸ்ட்னா எல்லாத்தையும் எழுப்பும். சிக்னல் குடுக்கிற நேரத்துல யாருமே படுத்திருக்கலைன்னா அந்த சிக்னல் காத்தோட போயிடும், அப்புறமா வர்றவனுக்காக எடுத்து வெச்சிருக்காது. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா கொண்டு வந்த செமஃபோர்ங்கிற இன்னொரு கருவி இப்படி இல்ல, அது ஒரு எண்ணிக்கையை வெச்சுக்கும், முன்னாடியே குடுத்த சிக்னலைக் கூட லேட்டா வந்தவன் எடுத்துக்கலாம். கண்டிஷன் வேரியபிள்ல வர்ற முக்கால்வாசி பக் இந்த வித்தியாசத்தை மறந்ததால வர்றதுதான்.

அதனாலதான் கூடவே ஒரு மியூடெக்ஸையும், அதாவது ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் பிடிச்சுக்க முடியுற லாக்கையும், குடுன்னு வெயிட் அடம் பிடிக்குது. மியூடெக்ஸ் இல்லைன்னா என்ன ஆகும்னு பாருங்க. எடுக்கிற த்ரெட் கியூவைப் பாக்குது, காலி, சரி தூங்கலாம்னு முடிவு பண்ணிடுச்சு, ஆனா இன்னும் படுக்கல. அந்த மைக்ரோசெகண்ட் இடைவெளில போடுற த்ரெட் வந்து ஒரு போட்டோவை கியூல போட்டு சிக்னலும் குடுத்துட்டுப் போயிடுது, வரிசைல யாரும் இல்ல, சிக்னல் வீண். இப்போ நம்ம த்ரெட் போய் படுக்குது. கியூல போட்டோ இருக்கு, எடுக்க வேண்டியவன் தூங்குறான், அடுத்த போட்டோ வர்ற வரைக்கும் எழுப்ப ஆளே இல்ல. டெஸ்ட்ல இது 1000 தடவை ஓட்டினாலும் மாட்டாது, ப்ரொடக்‌ஷன்ல லோடு ஏறுற அன்னிக்குத்தான் மாட்டும். இதுக்குத்தான் கியூவைப் பாக்கிறதையும் மியூடெக்ஸ் பிடிச்சுகிட்டே பாக்கணும், கியூல போடுறதையும் அதே மியூடெக்ஸைப் பிடிச்சுகிட்டே போடணும். வெயிட் என்ன பண்ணும்னா மியூடெக்ஸை விடுறதையும் வரிசைல சேர்றதையும் நடுவுல யாரும் நுழைய முடியாதபடி ஒரே மூச்சுல பண்ணும், எழுந்ததும் மறுபடியும் மியூடெக்ஸைப் பிடிச்சுட்டுத்தான் உங்க கோடுக்கு திரும்பி வரும்.

அந்த "மறுபடியும் பிடிச்சுட்டு"லதான் அடுத்த வில்லங்கம். எழுப்பினதுக்கும் மியூடெக்ஸ் கைக்குக் கிடைக்கிறதுக்கும் நடுவுல நேரம் இருக்கு. அந்த கேப்புல, தூங்கவே தூங்காத இன்னொரு த்ரெட் நேரா வந்து மியூடெக்ஸைப் பிடிச்சு அந்த ஒரே போட்டோவையும் எடுத்துட்டுப் போயிடலாம். நம்மாளு எழுந்து வந்து பாத்தா கியூ காலி. கண்டிஷனை இஃப் போட்டு செக் பண்ணியிருந்தா, காலி கியூல இருந்து எடுக்கப் போய் க்ராஷ் ஆகும். வொய்ல் லூப் போட்டிருந்தா, திரும்பப் பாத்துட்டு திரும்பப் படுத்துக்கும். போதாக்குறைக்கு யாருமே சிக்னல் குடுக்காமலே வெயிட் திரும்பி வரலாம்னு யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் ஸ்டாண்டர்டே அனுமதிச்சிருக்கு, வொய்ல் இருந்தா அதைப் பத்தியும் கவலைப்பட வேண்டாம்.

ஆரம்பத்துல இது இப்படி இல்ல. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர், லாக்கையும் கண்டிஷன் வேரியபிளையும் சேர்த்து வெச்ச "மானிட்டர்" பத்தி 1974ல எழுதின பேப்பர்ல, சிக்னல் குடுத்த உடனே எழுந்தவன் கைக்கே லாக் போயிடும், நடுவுல ஒருத்தரும் புக முடியாது, அதனால இஃப் போதும். கேக்க அழகா இருக்கு, ஆனா சிக்னல் குடுத்தவன் பாதி வேலைல லாக்கை விட்டுட்டு ஓரமா நிக்கணும், த்ரெட் மாத்துற செலவும் கூடும். ஜெராக்ஸ்ல மேசா மொழியை வெச்சு சிஸ்டம் எழுதினவங்க வேற வழியில போனாங்க, சிக்னல்ங்கிறது ஒரு ஹின்ட் மட்டும்தான், எழுந்தவன் தானே திரும்பப் பாத்துக்கணும்னு முடிவு பண்ணினாங்க, லாம்ப்சனும் ரெடெல்லும் 1980ல அந்த அனுபவத்தை பேப்பராவும் எழுதினாங்க. இன்னிக்கு போசிக்ஸ், ஜாவா, சி++, பைதான் எல்லாமே மேசா வழிதான். என்னைக் கேட்டா அதுதான் சரி, ஒரு வொய்ல் எழுதுறதுல என்ன கஷ்டம்.

பிராட்காஸ்ட் எப்போ? கியூக்கு ஒரு அளவு வெச்சு, நிரம்பினா போடுறவனும் தூங்கணும்னு வெச்சீங்கன்னா, ரெண்டு தரப்பும் ஒரே கண்டிஷன் வேரியபிள்ல படுத்தா சிக்னல் தப்பான ஆளை எழுப்பிடலாம், அவன் பாத்துட்டு திரும்பப் படுத்துக்குவான், எழுந்திருக்க வேண்டியவன் தூங்கிகிட்டே இருப்பான். ஒண்ணு பிராட்காஸ்ட் பண்ணணும், அது ஒரு சீட் காலியானதுக்கு பஸ்ல நிக்கிற அத்தனை பேரும் பாயுற கதைதான், இல்லைன்னா "காலி இல்ல"வுக்கு ஒண்ணு, "நிரம்பல"வுக்கு ஒண்ணுன்னு ரெண்டா வெச்சுக்கணும். ஜாவால ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரே ஒரு வரிசைதான் இருந்துச்சு, 2004ல ஜாவா 5 வந்தப்போதான் ஒரு லாக்குக்கு வேணுங்கிற அளவு கண்டிஷன் வெச்சுக்க வழி பிறந்துச்சு.

நிறையப் பேர் கோட்டை விடுற இடம் ப்ரோக்ராமை நிறுத்துற நேரம். "நிறுத்து"ன்னு ஒரு ஃபிளாக், அதை அட்டாமிக்கா (பாதியில யாரும் குறுக்கிட முடியாதபடி மாறுறதா) வெச்சிருக்கேனே, மியூடெக்ஸ் எதுக்குன்னு வெளில இருந்தே மாத்திட்டு பிராட்காஸ்ட் குடுப்பாங்க. மேல சொன்ன அதே இடைவெளி இங்கயும் இருக்கு, ஃபிளாகைப் பாத்துட்டு படுக்கப் போற த்ரெட்டுக்கு அந்த பிராட்காஸ்ட் கேக்காது, ப்ரோக்ராம் மூடாம தொங்கும். அட்டாமிக்கா இருந்தாலும் சரி, அந்த மியூடெக்ஸைப் பிடிச்சுகிட்டுத்தான் மாத்தணும்.

லைப்ரரி மேலயே தப்பு இருந்ததும் உண்டு. லினக்ஸ்ல ப்ரோக்ராமுங்க பயன்படுத்துற சி லைப்ரரியான கிளிப்சில, 2017ல வந்த 2.25ல கண்டிஷன் வேரியபிளை புதுசா எழுதினாங்க, அதுல ரொம்ப அபூர்வமான டைமிங்ல சிக்னல் தொலைஞ்சு போற பக் ஒண்ணு இருந்துச்சு, 2020ல ரிப்போர்ட் ஆச்சு, 2025 ஜனவரில வந்த 2.41லதான் சரி பண்ணினாங்க. ஆனா உங்க ப்ரோக்ராம் தொங்கினா எடுத்த எடுப்புலயே அதைக் காரணம் காட்டாதீங்க. ஜிடிபிங்கிற டீபக்கர்ல மாட்டி எல்லா த்ரெட்டோட பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன்ல நிக்குதுங்கிற பட்டியலை) எடுங்க, எடுக்கிற த்ரெட் எல்லாமே வெயிட்ல நிக்கும், அப்போ கியூ சைஸையும் அந்த நிறுத்து ஃபிளாகையும் பிரின்ட் பண்ணிப் பாருங்க. கியூல போட்டோ இருந்தும், இல்ல ஃபிளாக் மாறியும் எல்லாரும் தூங்கினா சிக்னல் எங்கயோ தொலைஞ்சிருக்கு, கியூவும் காலி ஃபிளாகும் மாறலைன்னா கண்டிஷன் வேரியபிளை விட்டுட்டு போட்டோ வாங்குற த்ரெட் பக்கம் போய்த் தேடுங்க.