சடையும் ஒரு பூதான்

பலாப்பழம் அறுக்க உட்கார்ந்தால் முதல் வேலை, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுவது. இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. நடுத்தண்டைச் செதுக்கி, சுளைகளுக்கு நடுவே நிற்கும் சடையை விலக்கி, முதல் சுளையைப் பிய்ப்பதற்குள் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். அந்த நேரத்தில் அவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டு வைக்கலாம்: இது எத்தனை பழம்?

பூவின் சூற்பை முதிர்ந்தால் கனி. உள்ளே இருக்கும் சூல் விதையாகும், சூற்பையின் சுவர் கனியுறையாகும். ஒரு பூவின் ஒரு சூற்பையிலிருந்து வந்தால் தனிக்கனி. மாம்பழம் அந்த ரகம். அதன் தோல், சதை, கொட்டையின் ஓடு மூன்றும் கனியுறையின் மூன்று அடுக்குகள். ஆக, கொட்டை என்று நாம் எறிவதில் அந்த ஓடு விதையே அல்ல. அதை உடைத்தால் கிடைக்கும் பருப்புதான் விதை. தேங்காயும் இதே வகைதான். அதில் சிரட்டை உள்ளடுக்கு, நார் நடு அடுக்கு. மாங்காயில் எந்த அடுக்கைத் தின்கிறோமோ அதைத்தான் தேங்காயில் கயிறாகத் திரிக்கிறோம்.

வாழைப்பழத்தில் ஓடு கிடையாது. தக்காளி, கத்திரிக்காய் மாதிரி அதுவும் பெர்ரி வகை. குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்கள். சீதாப்பழம் இன்னொரு தினுசு. ஒரே பூவில் பல சூலகங்கள், அதாவது சூற்பையுள்ள பெண் உறுப்புகள், இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரு திரள்கனியாகிவிடும்.

சரி, பலாவுக்கு வருவோம். அடிமரத்தில் முளைக்கும் பெண் மஞ்சரியில், அதாவது பெண் பூங்கொத்தில், ஒரு தண்டைச் சுற்றி ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இளம் பிஞ்சை உற்றுப் பார்த்தால் மேலே மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவை சூலகமுடிகள், மகரந்தம் வந்து ஒட்டும் இடம். அப்புறம் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமும் ஒரே காயாகப் பருக்கும். வெளியே குத்தும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. இப்படிப் பல பூக்கள் சேர்ந்து ஆவது கூட்டுக்கனி. பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த அத்தியும் கூட்டுக்கனிதான். என்ன, அதில் பூக்கள் உள்பக்கமாகத் திரும்பி நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் சுளைதான். நாம் தின்னும் மஞ்சள் சதை, சூற்பையிலிருந்து வந்ததல்ல. அது பூவிதழ் தடித்து இனித்தது. கொட்டையைச் சுற்றி வழுவழுவென்று ஓர் உறை இருக்கிறதே, அந்த உறையும் உள்ளே இருக்கும் விதையும்தான் அந்தப் பூவின் அசல் கனி. அதாவது கனியைத் துப்பிவிட்டு இதழைத் தின்கிறோம்.

முந்திரியும் இப்படி ஆளை ஏமாற்றும். பழம் என்று கடிப்பது பருத்துப்போன பூக்காம்பு. அதன் அடியில் தொங்கும் கொட்டைதான் கனி. ஆப்பிளில் பெரும்பகுதி பூத்தளம், அதாவது பூ உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதி; நடுவில் நாம் விட்டுவைக்கும் சக்கைதான் சூற்பையிலிருந்து வந்தது. இவற்றுக்குப் பொய்க்கனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தின்னுகிற நாக்குக்கு இதில் ஒரு பொய்யும் இல்லை.

மிச்சம் இருப்பது சடை. சுளைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக நிற்கும் அதுவும் பூவிதழ்தான். மகரந்தம் கிடைத்துக் கருவுற்ற பூ சுளையானது, கிடைக்காத பூ சடையாகவே நின்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் சரியாகச் சேராவிட்டால் அந்தப் பக்கம் பருக்காமல் காய் கோணிப்போகும். சந்தையில் ஒருபுறம் ஒட்டிப்போன பலாப்பழத்தை வியாபாரி விலை குறைத்துத் தருகிறார் என்றால், அந்த ஒட்டிய பக்கத்தில் சடைதான் அதிகம் இருக்கும்.