வேற்றுக் கோளில் சம்பா கதிர் விடுமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வயல் ஒன்று சாலையை ஒட்டி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அந்தச் சாலையில் தெருவிளக்குப் போட்டார்கள். ஊருக்கே சந்தோஷம். பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். அந்த வருடம் அப்பா மாப்பிள்ளைச் சம்பா நட்டிருந்தார். தை பிறந்து வயல் முழுக்கப் பழுத்துத் தலை சாய்த்து நிற்கிறது. கம்பத்துக்குக் கீழே மட்டும் விசிறியை விரித்த மாதிரி ஒரு துண்டு பச்சைப் பசேலென்று இருக்கிறது. அதில் ஒரு கதிர்கூட இல்லை. யூரியா கூடிப்போச்சு, பூச்சி விழுந்திருக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியப்பா வரப்பில் நின்று விளக்கைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார். "ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு நின்னா எப்படிடா கதிர் வரும்?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் விஷயம் அதேதான்.

எனக்கு விண்வெளிக் கதைகள் பிடிக்கும். தூரத்துக் கோளில் மனிதர்கள் போய் இறங்குவார்கள், கதவு திறக்கும், வானத்தில் இரண்டு நிலா இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் பச்சை வயல். நடுவில் என்ன நடந்தது என்று எவரும் சொல்வதில்லை. டெல்டாக்காரனுக்கு அந்த இடத்தில்தான் இடறும். நாற்றங்கால் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வந்தது, சேறு யார் அடித்தார்கள்?

போகிற தூரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே அங்கே போய்ச் சேர 4.24 வருடம் ஆகும். அதைச் சுற்றும் பிராக்ஸிமா பி என்ற கோளை 2016இல் கண்டுபிடித்தார்கள். 1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் பிராக்ஸிமாவுக்குப் போக ஏறக்குறைய 75,000 வருடம். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால்கூட 42 வருடம் ஆகும். சரி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விதைநெல்லைக் காயவைத்து உறைகுளிரில் வைத்திருந்ததால் முளைப்புத்திறனும் கெடவில்லை. இனி விதைக்க வேண்டும்.

முதல் தகராறு இருட்டைப் பற்றியது.

1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். (வேதாரண்யத்துக்காரர்களுக்குப் புகையிலையின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) கோடையில் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்காது. மாலையில் முன்கூட்டியே இருட்டறைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்ததும் பூத்துவிட்டது. செடி பகல் இரவின் நீளத்தைக் கணக்கெடுக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அது முக்கியமாக எண்ணுவது இரவைத்தான் என்பது அப்புறம் வந்த சோதனைகளில் தெளிவானது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தால் போதும், செடி அந்த இரவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நெல்லுக்குப் பத்து நிமிடமே போதுமானதாக இருந்திருக்கிறது. எங்கள் தெருவிளக்கோ விடிய விடிய எரிந்தது.

இதைப் பார்க்கும் கண் இலையில் இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஆழ்சிவப்பு ஒளி பட்டால் அடங்கும். இருட்டிலும் மெல்ல அடங்கும். இரவு போதுமான நீளத்துக்கு வந்ததும் பூப்பதற்கு இருந்த தடை விலகி, இலையில் ஒரு புரதம் உண்டாகித் தண்டின் நுனிக்கு ஏறுகிறது. "இலை போதும், இனி கதிர்" என்ற சேதி அதுதான். அந்தப் புரதத்தை நெல்லில் 2007இல் ஜப்பானியர்கள் பிடித்துக் காட்டினார்கள்.

டெல்டாவில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் அதிகம். நாம் கவனிப்பதே இல்லை. பழைய சம்பா ரகங்கள் அதைக் கவனிக்கின்றன. முன்னே பின்னே விதைத்தாலும் கார்த்திகை வாக்கில் சேர்ந்தாற்போலப் பூக்கின்றன. குறுவை வேறு ஜாதி. ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 போன்றவை இரவை அவ்வளவாக எண்ணுவதில்லை; 110 நாள் ஆனால் அறுவடை. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. 1922இலிருந்து அங்கே நெல் ஆராய்ச்சி நடக்கிறது. மேட்டூர் திறக்கிற தேதியை நம்பி நடவு செய்கிறவர்களுக்காக உருவான ரகங்கள், வேற்றுக் கோளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

ஏனென்றால் பிராக்ஸிமா பி-யில் பெரும்பாலும் இரவே வராது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி, அந்தக் கோளும் தன் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு 11.2 நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் என்று கணிக்கிறார்கள். அப்படியானால் ஒரு பக்கம் விடியாத இரவு, மறுபக்கம் சாயாத வெயில், இடையில் எப்போதும் அந்தி. இந்த அந்திப் பட்டையில்தான் கதைக்காரர்கள் ஊர் கட்டுவார்கள். அங்கே சம்பா நட்டால் கம்பத்தடிப் பயிர்தான்: தழை தழையாக வளரும், மாட்டுக்கு ஆகும், சட்டிக்கு ஆகாது.

வெயிலின் நிறமும் சரியில்லை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். பிராக்ஸிமா அதில் பாதிதான். அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு. சூடு உண்டு, பச்சையம் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒளி சொற்பம். அதைவிட வம்பு, சிவப்பு குறைந்து ஆழ்சிவப்பு ஓங்கி நிற்பது. தென்னைக்கடியில் விழுகிற வெளிச்சம் அப்படிப்பட்டது. மேலே உள்ள ஓலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு ஆழ்சிவப்பைக் கீழே விட்டுவிடும். பைட்டோகுரோம் அதைப் பார்த்து "தலைக்கு மேல் யாரோ நிற்கிறார்கள்" என்று முடிவுகட்டி, ஒல்லியாக உயரம் போகச் சொல்லும். தென்னை வரிசையோரம் நெல் சோகையாக நெடுநெடுவென்று நின்று, ஐப்பசி மழைக்கு முதலில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிராக்ஸிமா வெயிலில் வயல் முழுக்க அந்தக் கதிதான். மேலே வெட்டவெளி, பயிருக்கோ நிழலில் நிற்கிற நினைப்பு.

ஆகவே கூடாரம் போட்டு, எல்இடி விளக்கு கட்டி, நாமே பகலும் இரவும் செய்ய வேண்டும். எவ்வளவு ஆகும்? நம் ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு வருடம் 150 கிலோ அரிசி. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை நெல் கண்டால், ஆலையில் அரைத்துக் கிடைப்பது சுமார் ஒன்றரை டன் அரிசி. நூறு குடியேறிகளுக்குப் பத்து ஏக்கர், அதாவது ஒன்றரை வேலி. ஒருபோகத்துக்குத்தான் இந்தக் கணக்கு. சதுர மீட்டருக்கு 300 வாட் விளக்கு என்றால் பத்து ஏக்கருக்கு 12 மெகாவாட் வருகிறது. மேட்டூர் அணையின் மின்நிலையம் 50 மெகாவாட். நூறு பேர் சோற்றுக்கு வேண்டிய வெயிலுக்கு மட்டும் அதில் கால்வாசி! இரண்டு போகம் எடுத்தால் பாதி நிலம், பாதி விளக்கு. இங்கும் குறுவை ரகமே ஜெயிக்கிறது. நாம் வெயிலுக்கு வாய்தா கட்டுவதில்லை என்பதால் இதெல்லாம் உறைப்பதில்லை.

இனி மண். உண்மையில் எனக்கு விளக்கைவிட இதுதான் பெரிய மலைப்பு.

வேற்றுக் கோள்களில் இருப்பது தூசி. அதற்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தை 2022இல் ஃபுளோரிடாவில் நேரடியாகப் பார்த்தார்கள். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலாத் தூசியில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை விதைத்தார்கள். முளைத்தது. அப்புறம் வேர் குறுகி, சில செடிகள் சிவந்து, தவங்கிப்போயின. காற்றோ தண்ணீரோ உருட்டாத தூசி அது. துகள் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில் மாதிரி. நம் வண்டல் குடகிலிருந்து 800 கிலோமீட்டர் உருண்டு, அரைபட்டு, ஊறி, மக்கிய இலைதழையோடு கலந்து வந்தது.

செவ்வாயில் இன்னொரு சங்கடம். 2008இல் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. சுமார் அரை சதவீதம். மனித உடம்பில் தைராய்டுக்கு அயோடின் போகவிடாமல் தடுக்கிற சரக்கு. நல்லவேளை, தண்ணீரில் சட்டென்று கரையும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கரையோர வயல்களில் செய்ததை இங்கும் செய்யலாம். கடல்நீர் ஏறிய வயலில் வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்து, மறுபடி தேக்கி, தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நாகப்பட்டினத்தில் வடித்த தண்ணீர் கடலுக்குப் போகும். கூடாரத்துக்குள் வடித்த தண்ணீர் சுற்றிக்கொண்டு உங்கள் குடிநீர்ப் பானைக்கே வரும். பெர்குளோரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பூமியில் இருக்கின்றன. அவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் சேறு. சேறு என்றால் தண்ணீரும் மண்ணும் கலந்தது என்று நினைப்பவர்கள் ஒருநாள் தொழி வயலில் கை விட்டுப் பார்க்க வேண்டும். மேலே மெல்லிய பழுப்பு ஏடு. அது மட்டும் ஆக்சிஜன் உள்ள இடம். அதைக் கிழித்தால் உள்ளே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், லேசான நாற்றம். அங்கே காற்றே கிடையாது. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் மண்ணில் உள்ள இரும்புத் துருவைப் பிடித்து மூச்சு விடுகின்றன. துருவின் சிவப்பு கரைந்து சாம்பலாகிறது. அந்த இடத்தில் நெல் எப்படிப் பிழைக்கிறது என்றால், தண்டுக்குள் காற்றுக் குழாய் வைத்திருக்கிறது. இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜன் இறங்கி, வேரைச் சுற்றிக் கொஞ்சம் கசிகிறது. கசிந்த இடத்தில் கரைந்த இரும்பு திரும்பத் துருவாகி வேர்மேல் படிகிறது. ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள், வேர் காவி பூசினாற்போல் இருக்கும்.

இப்போது செவ்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பே துருதான். அந்தத் தூசியில் தண்ணீர் கட்டி, தழை மடக்கி, நம் பாக்டீரியாவைப் புகுத்தினால் சிவப்பு மண் மெல்லச் சாம்பலாகும். பார்க்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் கரைந்த இரும்பு அளவு மீறினால் நெல்லின் இலை செம்பு நிறமாகக் கருகும். இங்கேயே சில செம்மண் வயல்களில் வரும் வியாதி. அங்கே முதல் சில போகம் அப்படித்தான் போகும் என்பது என் ஊகம்.

தழைச்சத்துக்கு யூரியா மூட்டை கொண்டுபோக முடியாது. நம் வயலில் மிதக்கிற அசோலாவின் இலைக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு ஆகிற மாதிரி மாற்றுகிறது. அதே அனபீனா வகையில் ஒன்றை ஜெர்மனியின் பிரெமென் நகரில் வளர்த்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள்: காற்றழுத்தம் நம்முடையதில் பத்தில் ஒரு பங்கு, அதில் 96 சதவீதம் நைட்ரஜன், 4 சதவீதம் கரியமில வாயு. பாசி கவலைப்படாமல் வளர்ந்தது. அவ்வளவு மெல்லிய காற்றுப் போதுமென்றால் பாசி வளர்க்கும் கூடாரத்தைக் கனமாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் உயிருள்ள மண் சும்மா இருக்காது, அதுவும் மூச்சு விடும். 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடி உலகத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருடம் இருக்கப் போனார்கள். உள்ளேயே நெல்லும் விளைந்தது. பதினாறு மாதத்தில் காற்றில் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் சுமார் 14க்கு இறங்கிவிட்டது. மலையேறியவர்களைப் போல மூச்சு வாங்கினார்கள்; வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. காரணம், பயிர் செழிக்கட்டும் என்று மக்காத தொழுவுரம் மாதிரிச் சத்தை மண்ணில் நிறையப் போட்டிருந்தார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைக் குடித்துக் கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவையாவது செடிகள் திருப்பியிருக்கும். கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்பாக்கிக்கொண்டது. நம் ஊரில் தழை மக்காமல் அவசரத்துக்கு நட்டால் நாற்று மஞ்சளிக்கும், அவ்வளவுதான். மேலே வானம் இருக்கிறது. அங்கே மேலே இருப்பது கூரை.

இதுவரை எங்கே வந்திருக்கிறோம்? 2022இல் சீனாவின் விண்வெளி நிலையத்தில் நெல் விதையிலிருந்து விதை வரை 120 நாளில் வந்துவிட்டது. 2024 டிசம்பர் 30இல் இஸ்ரோ விண்வெளிக்கு அனுப்பிய பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதை நான்கு நாளில் முளைத்து, இரண்டு இலையும் விட்டது. பெட்டிக்குள் விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் நம் கையில்.

எங்கள் கம்பத்தடியில் இப்போது பெயிண்ட் டப்பாவை வெட்டி விளக்குக்குத் தலைப்பாகை கட்டியிருக்கிறார் பெரியப்பா. வெளிச்சம் சாலையில் மட்டும் விழுகிறது. மறு வருடம் அந்தத் துண்டு மற்றதைவிட ஒரு வாரம் பிந்திக் கதிர் விட்டது. டப்பா ஓரத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.