சைக்கோஅனாலிசிஸ்: உளப்பகுப்பாய்வு

வியன்னாவில் பெர்க்காஸே தெரு, 19ஆம் எண். நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1891 முதல் 1938 வரை குடியிருந்த வீடு இன்று அவர் வாழ்வையும் பணியையும் சொல்லும் அருங்காட்சியகம். ஆனால் நோயாளிகள் படுத்துப் பேசிய அந்தப் புகழ்பெற்ற சாய்வுப் படுக்கை அங்கே இல்லை. 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் போனபோது அதையும் கொண்டுபோய்விட்டார்கள். லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில், பாரசீகக் கம்பளம் போர்த்தியபடி அது இருக்கிறது. வியன்னாவில் அவர் நோயாளிகளைப் பார்த்த அறையை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அந்த அறையில் நடந்த வேலையின் பெயர்தான் சைக்கோஅனாலிசிஸ்.

'சைக்கி' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதலில் மூச்சு என்று பொருள். பிறகு உயிர், ஆன்மா, மனம் என்று விரிந்தது. தமிழிலும் இதே உறவு உண்டு: உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. ஆனாலும் உயிரியல் வேறு துறைக்குப் பெயராகிவிட்டதால், இங்கே உளம் என்பதே பொருத்தம். உள்ளே இருப்பது உள்ளம், அதன் குறுக்கம் உளம். இப்படிப்பட்ட சொல்லின் பாதியை வெட்டி 'சைக்கோ' என்று நம்மூரில் வசைச்சொல்லாக வீசுகிறார்கள். மனம் நொந்தவர்கள் காதில் அது எப்படி விழும்? தயவுசெய்து அதை விட்டுவிடலாம்.

அடுத்தது 'அனாலிசிஸ்'. இதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்கு அவிழ்த்தல் என்று பொருள். ஹோமரின் காப்பியத்தில் பெனலோப்பி பகலில் நெய்த துணியை இரவில் பிரிப்பாளே, அங்கே வருவதும் இந்த வினைதான். அப்படியானால் 'பகுப்பு' சரியா, 'உள அவிழ்ப்பு' என்றல்லவா இருக்க வேண்டும் என்று நான் வெகுநாள் நினைத்தேன். ஃப்ராய்டின் விளக்கத்தைப் படித்த பிறகு மனம் மாறியது. 1918இல் புடாபெஸ்டில் பேசியபோது, ஏன் இந்தப் பெயர் என்று அவரே சொல்கிறார்: வேதியியலாளர் ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரிப்பதைப் போல, நோய்க்குறிகளையும் அவற்றின் அடியில் உள்ள தூண்டல்களாகப் பிரித்துப் பார்ப்பது. சரி, பகுப்பாய்வேதான்.

இந்தப் பெயரை அவர் முதலில் அச்சில் பயன்படுத்தியது 1896இல், ஒரு பிரெஞ்சுக் கட்டுரையில். அதற்கும் முன்பே, ஃப்ராய்டின் நண்பரான மருத்துவர் யோசஃப் பிராயரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் தானே ஒரு பெயர் வைத்திருந்தார்: பேச்சு வைத்தியம். விளையாட்டாக, புகைபோக்கியைத் துடைப்பது என்றும் சொல்வாராம். நோயாளி வைத்த பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சைக்காலஜி என்றால் உளவியல். சைக்கியாட்ரி என்றால் மனநல மருத்துவம். இந்த இரண்டுக்கும் உளப்பகுப்பாய்வு என்று எழுதக் கூடாது. அது, மனதில் தோன்றுவதை எதையும் ஒதுக்காமல் சொல்லவிட்டு, நனவிலி மனத்தை, அதாவது நாம் உணராமலே நமக்குள் இயங்கும் மனத்தை, அறியும் முறைக்கு மட்டுமே உரியது. அதைச் செய்பவர் உளப்பகுப்பாய்வாளர்.

கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் தொடங்கிய அமைப்பை இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் என்று எழுதலாம். ஃப்ராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு சிலை, லண்டன் வீட்டில் இன்றும் இருக்கிறது.