திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு பூராவும் ஆடித் தீர்த்த பிள்ளை, திங்கள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். திருப்பூரில் எட்டரை மணி கம்பெனி சங்குக்கு ஓடும் பெற்றோருக்கு இது பழகிய காட்சி. "போச்சாது, இன்னைக்கு லீவு போட்டுக்கலாம் சாமி" என்று அப்புச்சி சொன்ன பத்தாவது நிமிடம் வலி போய்விடும். "நடிக்கறானுங்க" என்று வீடே தீர்ப்புச் சொல்லும்.

வலி நிஜம்தான். மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று எதையாவது எடுத்துக்கொண்டால் மணியடிக்கும். பதற்ற ஹார்மோன்களான அட்ரினலின் பாயும், கார்டிசால் ஏறும், குடல் தன் வேலையை விட்டுவிட்டு முறுக்கிக்கொள்ளும். லீவு கிடைத்ததும் மணி நிற்கிறது. 'தப்பித்தால் நிம்மதி' என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் அடிக்கிறது.

சில பிள்ளைகளுக்கு இந்த மணி பிறவியிலேயே லேசாக அசைந்தாலும் அடிக்கும். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மை, குரல், வாசனையெல்லாம் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கைகாலை உதறி அழுதது. இவர்களில் பலர் இரண்டு வயதில் புது முகத்தைக் கண்டால் ஒதுங்கினார்கள். இந்த ஒதுங்கல் வருடக்கணக்கில் நீடித்தால், பதின்வயதில் நாலு பேர் முன் நிற்கவே நடுங்கும் சமூகப் பதற்ற நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது வருவதில்லை.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. துடுக்குப் பையனைப் பற்றி டீச்சர் உடனே புகார் சொல்வார். விருந்தாளி வந்தால் சேலைக்குள் ஒளியும் பிள்ளையை "அடக்கமான புள்ளைங்க" என்று மெச்சுவோம். பத்தாவது முடிந்ததும் அதே அடக்கமான பிள்ளையை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய் விடுவோம். புது இடம், புது முகங்கள், மார்க் கணக்கு. மணியை அடக்கும் முன்மூளையோ இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கும். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒன்று 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஹாஸ்டல் தப்பு என்று சொல்லமாட்டேன். பழக்காமல் திடுதிப்பென்று விடுவதுதான் தப்பு.

பழக்குவது பெரிய வித்தையில்லை. இன்று பள்ளி கேட் வரை, நாளை வகுப்பு வாசல் வரை, அப்புறம் முதல் பீரியட் மட்டும். மணி அடித்து, தானாகவே ஓய்வதைப் பிள்ளை அங்கேயே நின்று பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் குறைந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம்; காசு கிடையாது.