காய்ச்சல் வராமலே வந்துபோன டிங்கி

"மகளுக்கு டிங்கி வந்ததே இல்லை. ஆனால் முன்பே வந்து போயிருப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. சோதனை பொய்யா?" பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அம்மா. டிங்கி வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு நோய் வெளியே தெரிவதே இல்லை. மருத்துவமனைக் கணக்கிலும் அவர்கள் ஏறுவதில்லை. வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் இரத்தத்தில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் அது இருந்தால், கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் வைரஸ் அந்தப் பிள்ளையை எட்டியிருக்கிறது. வயது வாரியாக இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு தாமானில், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியில், வைரஸ் எப்போது, எவ்வளவு பரவியது என்று கணித்துவிடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. டிங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். சாதாரணச் சோதனை அண்ணனைத் தம்பி என்று சொல்லிவிடும். அதைத் தீர்க்கும் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

தட்டின் அடியில் உயிருள்ள செல்களை ஒரே அடுக்காக வளர்க்கிறார்கள். இரத்தத்தின் தெளிநீரை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு என்று நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் தெரிந்த அளவு வைரஸைக் கலந்து செல்கள்மேல் ஊற்றுகிறார்கள். மேலே கூழ் போன்ற ஒரு பூச்சு. இனி வைரஸ் தொலைவுக்கு ஓட முடியாது, பக்கத்துச் செல்லைத்தான் கொல்ல முடியும். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கும் செல்கள் சாயமேறுகின்றன. செத்த இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் எதிர்ப்பொருளிடமிருந்து தப்பிய ஒரு வைரஸ்! நான்கு வகை டிங்கிக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் தனித்தனியாக இப்படிச் செய்து, எதன் புள்ளிகள் மிகக் குறைகின்றனவோ அதுவே வந்துபோனது என்று கணிக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த வழி காட்டுக்குள்ளும் போயிருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ரட்னிக், மர உச்சியில் கூண்டுக் குரங்குகளை வைத்து, அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்தார். எதிர்ப்பொருள் இல்லாத இரத்தத்தில் ஒருநாள் அது தோன்றியது. நகரத்துக் கொசுவின் துணையில்லாமலே டிங்கி காட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

பினாங்கில் 1962இல் இரத்தக்கசிவு டிங்கி வெடித்தபோதுதான் எல்லோரும் பதறினார்கள். இன்றும் புகைமருந்து அடிக்கக் கிடைக்கும் பணம், நோயில்லாத காலத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்கக் கிடைப்பதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். சில மில்லிலிட்டர் கொடுத்தால் உடம்பு இளைத்துவிடும் என்று நம்மவர்கள் அஞ்சுவதும் அப்படியே.

உங்கள் மகளின் சோதனைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வேறொரு வகை டிங்கி இரண்டாவதாகத் தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.